பசிலிசா வளர்த்த உப்புப்புல்

எங்கள் ஊரில் இறந்தவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால், யாரோ தன்னைக் கூப்பிடுவதாக நினைத்து அந்த ஆள் பாதி வழியில் திரும்பிவிடுவாராம். நான் சொல்கிறேன்: பசிலிசா. ஒரு பெண்ணை மெல்ல மெல்லச் சாகவிட்டவர்களுக்கு அவள் பெயர் வெளியே வராமல் இருப்பதைப் போல வசதியானது வேறு எதுவும் இல்லை.

அவள் குக்காப்பா பெண். கொலராடோ ஆறு கடலோடு சேர்ந்த கழிமுகத்தில், மெக்சிகோ பக்கம், எல் மயோரில் பிறந்தவள். 'சேர்ந்த' என்று இறந்தகாலத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் அணைக்கு மேல் அணை கட்டி, பாலைவனத்தில் கீரை விளைவித்து, நகரங்களில் நீச்சல்குளம் நிரப்பி, மிச்சத்தை இந்தப் பக்கத்துப் பெரிய பண்ணைகளும் உறிஞ்சிய பிறகு எங்களுக்கு வந்து சேர்வது ஆற்றின் படுகை மட்டும். எங்கள் இனத்தின் பெயருக்கு ஆற்று மக்கள் என்று பொருள். ஆற்றை எடுத்துக்கொண்டு பெயரை மட்டும் எங்களிடம் விட்டுவைத்தார்கள்.

பசிலிசாவின் கணவன் தோரிபியோ கொர்வினா மீன் பிடிப்பவன். கழிமுகத்தைக் காப்பகமாக அறிவித்து, அதன் நடுப்பகுதியில் வலை வீசக் கூடாது என்று சட்டம் வந்தது. ஆற்றைக் குடித்தவன்மேல் ஒரு வழக்கும் கிடையாது. மீன் குறைந்துபோனதற்குக் குற்றவாளி வலைக்காரன். ரோந்துப் படகின் கண்ணில் படாமலிருக்க தோரிபியோ ஆழமில்லாத ஓடைகள் வழியே போவான். அப்படிப் போன ஒரு காலையில் கடலேற்றம் சுவர் எழுந்ததுபோல வந்து அவன் படகைக் கவிழ்த்துப் போட்டது.

அவனும் கிடைத்தான், படகும் கிடைத்தது. இரண்டையும் எரித்தோம். எங்கள் வழக்கம் அது. இறந்தவருக்குச் சொந்தமானது எதுவும் மிஞ்சக் கூடாது. துணி, கட்டில், வலை, வீடு, எல்லாம் தீயில் போக வேண்டும். மிச்சம் வைத்தால் அதைத் தேடிக்கொண்டு அவர் வருவார். பாவம், போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் அலைவார்.

தோரிபியோவின் தம்பி கிறிசாந்தோதான் முன்னின்று செய்தான். படகின் பின்பக்கம் மோட்டார் இருந்தது. தவணை இன்னும் முடியாத மோட்டார். கிறிசாந்தோ அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான்.

"அண்ணி, மோட்டாரையும் சேத்துத்தான் வைக்கணும்."

"வை," என்றாள் பசிலிசா.

"உனக்கு..."

"எனக்கு என்ன? அவரு மோட்டாரைத் தேடிக்கிட்டு வந்து வாசல்ல நிக்கிறதை நான் பாக்கணுமா? வை தம்பி."

அவள் இடுப்பில் மகள் நிக்கனோரா இருந்தாள். கண்ணாடி இழைப் படகு கரும்புகையாக எரிந்தது. ஒரு விதவையின் பிழைப்பு முழுவதும் அந்தப் புகையில் போனது. இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை. நான் அறிந்தவரை ஒருவர்கூட வந்ததில்லை. பசிதான் வந்தது. தவணைக்காரனும் வந்தான்.

ஊருக்குத் தெற்கே, உப்புத்தரையைத் தாண்டி, கடலேற்றம் வந்து வடியும் ஓர் ஓடைக்கரை எங்கள் சமூகத்துக்குச் சொந்தமாக இருந்தது. காப்பகத்தின் எல்லைக்கு வெளியே. அங்கே உப்புப்புல் நட்டு வளர்க்க ஒரு திட்டம் வந்தது. சம்பளத்துக்கு ஆள் எடுத்தார்கள். பசிலிசா போனாள்.

உப்புப்புல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடல்நீரைக் குடித்து வளரும் புல் அது. குடித்த உப்பை இலை வழியே வெளியே தள்ளிவிடும். காலையில் பார்த்தால் ஒவ்வோர் இலையிலும் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். இலை நுனி ஊசி. செருப்பில்லாமல் போனால் காலைப் பதம் பார்க்கும். கோதுமை போன்ற தானியம் காய்க்கும். ஆறு ஓடிய காலத்தில் கழிமுகம் முழுவதும் அதுதான். வசந்தத்தின் கடைசியில் முதிர்ந்த மணிகள் கடலேற்றத்தில் மிதந்து கரையோரம் வரிவரியாக ஒதுங்கும். எங்கள் ஆட்கள் கூடையால் அள்ளிவந்து அரைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள். நீப்பா என்பது எங்கள் பேச்சில் அதன் பெயர். ஆறு நின்றதும் தானியம் போனது. கடை மாவும் புட்டியில் அடைத்த சர்க்கரைத் தண்ணீரும் வந்தன. பின்னாலேயே சர்க்கரை நோய் வந்தது. இப்போது எங்கள் ஊரில் அது இல்லாத வீடு இல்லை.

திட்டத்து ஆட்கள் பசிலிசாவையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு போய், கழிமுகத்தில் எங்கே புல் அடர்ந்து உயரமாக நின்றதோ அங்கே வேர்க்கொடிகளைத் தோண்டச் சொன்னார்கள். நல்ல திடமான கொடிகள். ஓடைக்கரையின் வடக்குப் பாதியில் நட்டார்கள். பிடித்துக்கொண்டது. ஒரு வருடத்தில் சேறு தெரியாமல் மூடியது. பசிலிசா தினமும் போனாள். சம்பளம் வந்த நாளிலும் போனாள், வராத நாளிலும் போனாள்.

வசந்தத்தில் பூத்தது. மஞ்சள் தூள் பறந்தது. காய்க்கவில்லை. அடுத்த வசந்தத்திலும் தூள் பறந்தது, காய்க்கவில்லை. மணி விழும் என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்த குருவிகள் போய்விட்டன.

கடைசியில் திட்டத்தின் ஆய்வாளர் ஒரு நாள் வந்தார். இளம் பெண், மெக்சிகாலியில் படித்தவர். பூக்கதிரைப் பிரித்துப் பார்த்தவர் முகம் சிவந்துபோயிற்று.

"எல்லாமே ஆண் செடி. இந்தப் புல்லுல ஆண் தனி, பெண் தனி. நாம ஒரே புதர்லேருந்து தோண்டிட்டோம். ஒரே ஆண் செடி வேர்விட்டுப் பரவின புதர் அது. தப்பு எங்க மேலதான்."

ஊர் முழுக்கச் சிரித்தது. கிறிசாந்தோ அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவான்.

"அண்ணி வளத்தது புல்லு இல்லையாம், பட்டாளமாம். ஒரு பொம்பள இல்ல உள்ள."

"உன்னையும் கொண்டுபோய் அங்கதான் நடணும். உனக்கும் ஒருத்தியும் கிடைக்கல."

"எனக்குக் கிடைக்கலையா, நான் வேணாம்னேனா?"

"நீ வேணாம்னது மூணாவது. மொத ரெண்டு பேரும் உன்னை வேணாம்னாங்க."

பெண் செடி காப்பகத்தின் நடுப்பகுதியில் ஒரு சேற்றுத்திட்டில்தான் இருந்தது. அங்கே எதையும் தொட அனுமதி இல்லை. ஆய்வாளர் அனுமதி கேட்டு எழுதினார். பதில் வருவதற்குள் திட்டத்தின் பணம் நின்றுபோய், அவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார். வேலி போட்டவர்களுக்கு வேலியைத் திறக்க நேரம் இருந்ததே இல்லை.

பசிலிசா கிறிசாந்தோவின் படகில் ஏறி அந்தத் திட்டுக்குப் போனாள். ஒரு சாக்கு நிறைய வேர்க்கொடி தோண்டிக்கொண்டு திரும்பும்போது காவலர்கள் மறித்தார்கள்.

"அம்மா, இது பாதுகாக்கப்பட்ட செடி. எடுக்கக் கூடாது."

"யாருகிட்டேருந்து பாதுகாக்கறீங்க தம்பி?"

"பொதுவா... எல்லாருகிட்டேருந்தும்."

"எல்லாருன்னா? ஆத்தை மறிச்சவங்ககிட்டேருந்துமா? அங்க யாராவது காவல் நிக்கிறீங்களா?"

அந்த இளைஞன் தலையைக் குனிந்துகொண்டான். சம்பளத்துக்கு நிற்கிறவன். சாக்கைப் பிடுங்கிக்கொண்டு, இருவரையும் ஒரு நாள் முழுக்க அலுவலகத்தில் உட்கார வைத்து, எச்சரித்து அனுப்பினார்கள். அவள் கொண்டுபோயிருந்த அவரைக்கொட்டைப் பானையை யாரும் திறந்து பார்க்கவில்லை. அவரையைப் படகிலேயே சாப்பிட்டு முடித்து, பானைக்குள் ஈரச் சேற்றோடு கொடிகளை அமுக்கி மூடியிருந்தாள்.

"அண்ணி, நீ திருடி," என்றான் கிறிசாந்தோ வீட்டுக்கு வந்ததும். பெருமையாகத்தான் சொன்னான்.

"ஆமா. எழுதி வச்சுக்கோ."

வடக்குப் பாதியை ஆண் புல் அடைத்துக்கொண்டிருந்ததால் பெண் கொடிகளைத் தெற்கே, ஓடை வாயருகே நட்டாள். வேறு இடமில்லை, அதனால் நட்டாள். அது எவ்வளவு சரியான இடம் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பானையளவு கொடி பரவி ஒரு வயலாக வெகுகாலம் பிடித்தது. நிக்கனோரா அதற்குள் வளர்ந்து நின்றாள். பிறகு ஒரு வசந்தத்தில் தெற்குப் பாதியில் கதிர் தலை சாய்ந்தது. உள்ளே மணி. பசிலிசா ஒன்றைப் பல்லால் கடித்துப் பார்த்து, துப்பாமல் அப்படியே நின்றாளாம். நிக்கனோரா சொன்னது.

குருவிகள் வந்தன. எங்கள் கழிமுகத்தில் பருத்த அலகுள்ள ஒரு குருவி உண்டு. உப்பு நீரையே குடித்துப் பிழைப்பது. அந்த அலகு இந்த மணியை உடைப்பதற்கென்றே அமைந்ததுபோல இருக்கும். அதைப் படைத்தவன் என்று யாரும் இல்லை. காலங்காலமாக மணியை உடைக்க முடிந்தது பிழைத்தது, முடியாதது செத்தது, அவ்வளவுதான். அந்தக் கணக்கு எனக்கு எந்தக் கடவுள் கதையைவிடவும் பெரிய வியப்பு. குருவிகள் புல்லின் அடியில் கூடு கட்டின. கானாங்கோழிகள் உள்ளே புகுந்து கரகரவென்று கத்தின. அவை கத்துவதைக் கேட்கலாம், அவற்றைப் பார்க்க முடியாது. சின்னப் பழுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்தது. அதன் புழு இந்த இலையைத் தவிர வேறெதையும் தின்னாதாம். வேர்களுக்கிடையில் நண்டு, நண்டைத் தேடிக் கொக்கு. கரையும் சரியாமல் நின்றது. வெறும் சேறாக, உப்புப் பூத்துக் கிடந்த இடம்.

பசிலிசா கொஞ்சம் மணி அரைத்துக் கஞ்சி காய்ச்சி ஊருக்குக் கொடுத்தாள். கிறிசாந்தோ ஒரு கரண்டி குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"இதுக்கா நம்ம ஆளுங்க அவ்வளவு தூரம் நடந்தாங்க?"

"சர்க்கரை போட்டுத் தந்தா குடிப்பே. அதான் உன் கால்ல புண்ணு ஆற மாட்டேங்குது."

ஆனால் முதலில் கால் போனது அவளுக்குத்தான். சேற்றில் நின்று நின்று புல் நுனி குத்திய ஒரு காயம், ஆறவில்லை. ஊரில் மருத்துவர் இல்லை. வாரத்தில் ஒரு நாள் வர வேண்டியவர் வண்டி இல்லை என்றும் பெட்ரோல் இல்லை என்றும் வராமல் இருந்தார். மெக்சிகாலி மருத்துவமனைக்குப் போனபோது பாதம் கறுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பிறகு சிறுநீரகமும் கெட்டது. அணை கட்டியவன் கொலைகாரன் என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. அவன் தண்ணீரை எடுத்தான், தண்ணீர் தானியத்தை எடுத்தது, தானியம் போன இடத்தில் சர்க்கரை வந்தது, சர்க்கரை காலை எடுத்தது. வரிசையில் நின்ற ஒவ்வொருவனும் தனக்கு முன்னால் நிற்பவனைக் கைகாட்டுவான்.

நடக்க முடியாமல் போனபிறகு கிறிசாந்தோ அவளைப் பழைய பிக்கப் வண்டியில் உப்புத்தரை வரை கொண்டுபோய், அங்கிருந்து மண் அள்ளும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துப் புல்லோரம் தள்ளிக்கொண்டு போவான்.

"மெதுவாத் தள்ளுடா. நான் என்ன மீனா?"

"மீனா இருந்தா இந்நேரம் வித்திருப்பேன்."

அப்படி ஒரு நாள். புல் பூத்திருந்தது. வடமேற்குக் காற்று எங்கள் பற்களில் மணலைத் தூவிக்கொண்டிருந்தது. நிக்கனோரா தாயின் தோளில் சால்வையைப் போர்த்தினாள். பசிலிசா கிறிசாந்தோவைப் பார்க்காமல் பேசினாள்.

"தம்பி, நான் போனா வீட்டை எரி. துணியை எரி. கட்டிலை எரி. இந்தப் புல்லைத் தொடாதே."

கிறிசாந்தோ வண்டிச் சக்கரத்தில் ஒட்டிய சேற்றைக் காலால் தட்டினான்.

"காதுல விழுதா?"

"விழுது. உன் கையால நட்டது அண்ணி. உன்னோடது. விட்டு வச்சா நீ அலைவே."

"அலையறேன். இந்தப் புல்லுக்குள்ளதானே அலையப் போறேன். நல்ல இடம்தானே."

"விளையாட்டுக்கு இல்ல. அண்ணனுக்கு எல்லாம் சரியாச் செஞ்சேன். மோட்டாரைக்கூட வச்சேன். அவன் நிம்மதியாப் போயிட்டான். உன்னைப் பாதி வழியில நிக்க விடச் சொல்றியா? ஒத்தக் காலோட?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"உங்கண்ணன் நிம்மதியாப் போனான். நானும் இவளும் நிம்மதியா இருந்தோமா? அந்த மோட்டாரு இருந்திருந்தா... சரி விடு. குருவிங்க கூட்டுல முட்டை வச்சிருக்கு. அதுக்கெல்லாம் நான் போறதும் தெரியாது, அலையறதும் தெரியாது. வீட்டை எரிச்சா நான் போயிடுவேன்னு நம்பறேல்ல? அது போதும்னு நம்பு."

கிறிசாந்தோ வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றான். வாக்குக் கொடுக்காமலே வண்டியைத் திருப்பினான்.

அதற்குப் பிறகு அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். மணி உதிரும்வரை, குஞ்சுகள் பறக்கும்வரை தான் உயிரோடு இருக்க வேண்டும். இருந்துவிட்டால் அவன் எரித்தாலும் வேர் பிழைத்துத் துளிர்த்துவிடும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று மகளிடம் சொன்னாள். டயாலிசிஸுக்கு மெக்சிகாலி போக வேண்டிய நாட்களில் வேன் வரவில்லையென்றால் முன்பெல்லாம் "போகட்டும்" என்பவள், அந்த வசந்தத்தில் சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிற லாரியையெல்லாம் கைகாட்டி நிறுத்தினாள்.

மணி பால்பிடித்திருந்தபோது இறந்தாள்.

வீட்டை எரித்தோம். தகரக் கூரையும் பலகைச் சுவரும், அதிக நேரம் பிடிக்கவில்லை. துணி, கட்டில், செயற்கைக் கால், நாற்காலி, தள்ளுவண்டி. வயதானவர்கள் கிறிசாந்தோவைப் பார்த்தார்கள். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. எல்லோருக்கும் தெரியும்.

நிக்கனோரா அவன் முன்னால் வந்து நின்றாள்.

"சித்தப்பா, அம்மா சொன்னாங்க. நீங்க இருந்தீங்க, நானும் இருந்தேன்."

"தெரியும்மா."

"தொடக் கூடாதுன்னு சொன்னாங்க."

"தெரியும்." அவன் தரையில் உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தபோது அவன் முகம் தெளிந்திருந்தது. "அவ தன் கையால தோண்டி, தன் கையால நட்டது எது? வடக்குப் பக்கத்து ஆம்பளப் புல்லு. அது அவளோடது. தெக்குப் பக்கத்துது? அது காவல்காரன்கிட்டேருந்து எடுத்தது. திருடின சொத்து எப்படி அவளோடது ஆகும்? அவளே ஒத்துக்கிட்டா, திருடின்னு. அதை எரிக்க வேண்டியதில்ல."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. யாரோ அழுதுகொண்டே சிரித்தார்கள். வழக்கமும் பிழைத்தது, புல்லும் பிழைத்தது. கூடுகள் இருந்ததும் மணி பிடித்ததும் தெற்குப் பக்கம்தான்.

நிக்கனோரா மட்டும் தயங்கினாள். "ஆம்பளப் புல்லு இல்லாம..."

"வயித்துல புள்ளையோட நிக்குது பாரும்மா அதுங்க எல்லாம். இனிமே என்ன? கழிமுகம் பூரா ஆம்பளப் புல்லு கிடக்கு. காத்து கொண்டாந்து போடும்."

அவள் களைத்திருந்தாள். தாயின் ஆசையில் பெரும்பங்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று நம்ப விரும்பினாள். தலையாட்டினாள்.

மேலோட்டமாக எரித்தால் புல் மறுபடி துளிர்க்கும். துளிர்த்தால் அவளும் வருவாள். அதனால் வேரோடு தோண்டினோம். ஆண்களும் பெண்களுமாக வரிசையில் நின்று, மண்வெட்டியால் சேற்றைப் புரட்டி, ஒரு கொடி விடாமல் உருவி, குவித்து, அதன்மேல் அவளுடைய சால்வையைப் போட்டுக் கொளுத்தினோம். அன்பில்லாமல் யாரும் அப்படி உழைக்க மாட்டார்கள். எரித்த மண்ணில் அதன்பின் யாரும் கால் வைப்பதில்லை, அதுவும் எங்கள் வழக்கம். எரிந்த வீட்டின் இடத்தில் வீடு கட்டாததுபோல.

அந்த வருடம் எல்லாம் நன்றாக நடந்தது. தெற்குப் பக்கத்தில் மணி முதிர்ந்தது, உதிர்ந்தது. குஞ்சுகள் பறந்தன. கிறிசாந்தோ அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இருக்குதுங்க" என்பான். அவள் பெயரைச் சொல்லாமல், "அவ போய்ச் சேந்துட்டா, இதுவும் இருக்கு" என்பான்.

அடுத்த வசந்தத்தில் பெண் புல் பூத்தது. இளஞ்சிவப்பு நூல் நூலாகச் சூல்முடிகள் வெளியே நீண்டு காற்றில் ஆடின. காற்று வடமேற்கிலிருந்து வந்தது. எப்போதும் அந்தப் பருவத்தில் அங்கிருந்துதான் வரும். வடமேற்கே இப்போது எரிந்த மண்ணும் அதற்கப்பால் உப்புத்தரையும் பாலைவனமும்தான். கழிமுகத்தில் தானாக வளர்ந்து மிஞ்சிய ஆண் புல் எல்லாம் தெற்கே, கடல் பக்கம். அதன் தூளைக் காற்று எங்களிடமிருந்து விலக்கிக் கடலுக்குக் கொண்டுபோயிற்று. ஆயுள் முழுக்க அந்தக் காற்றின் மணலைத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். தோண்டிய நாளில் அது எந்தப் பக்கமிருந்து வீசும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. இறந்தவள் போகும் வழியைப் பற்றி அத்தனை பேரும் யோசித்தோம்.

கதிர்கள் தலை சாயவில்லை. நேராக நின்றன. குருவிகள் வந்தன. ஒவ்வொரு கதிராக உட்கார்ந்து, அலகால் பிளந்து, விட்டுவிட்டு அடுத்ததற்குப் போயின. கூடு கட்டவில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் ஒன்றும் இல்லை.

கிறிசாந்தோ ஒரு கதிரை உள்ளங்கையில் கசக்கினான். உமிதான் விழுந்தது. ஊதினான், பறந்தது. இன்னொன்று கசக்கினான்.

"போதும் சித்தப்பா," என்றாள் நிக்கனோரா.

"நல்லதுன்னு நினைச்சேன்மா."

"தெரியும்."

"அவளுக்கும் நல்லது, இதுக்கும் நல்லதுன்னு."

"எனக்கும் தலையாட்டத்தான் தெரிஞ்சுது."

அவன் மறுநாளே படகில் தெற்கே போனான். காப்பகத்தில் அவனை யாரும் மறிக்கவில்லை. காவலர்களின் சம்பளம் நின்றுபோய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு சாக்கு நிறைய ஆண் புல்லின் வேர்க்கொடி தோண்டிக்கொண்டு வந்தான். இனிமேல் இதை எங்கே நடுவது என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. தெற்கே ஓடை. கிழக்கே கடலேற்றம் எட்டாத மேடு, நட்டால் காய்ந்துபோகும். பெண் புல்லுக்குக் காற்றின் மேல்பக்கமாக, கடல்நீர் வந்து நனைக்கும் இடம் அந்த எரித்த மண் ஒன்றுதான்.

நான் அன்று அங்கே இருந்தேன். கிறிசாந்தோ சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு விளிம்பு வரை நடந்தான். நின்றான். எரித்த சாம்பலைக் கடலேற்றங்கள் எப்போதோ கழுவிப் போயிருந்தன. மற்ற சேற்றுக்கும் அந்தச் சேற்றுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

"வெறும் சேறு அது கிறிசாந்தோ," என்றேன். "கால் வை."

"நீ படிச்சவன். உனக்கு வெறும் சேறு."

"சாக்கைக் கொடுங்க சித்தப்பா, நான் போறேன்," என்றாள் நிக்கனோரா. ஆனால் அவளும் விளிம்பில்தான் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். பிறகு அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நீ வேணாம்மா. உன் தாய் போன இடம்," என்றான் கிறிசாந்தோ.

நான் காலை எடுத்து வைக்கப் போனேன். கிறிசாந்தோ என் கையைப் பிடித்தான். கோபமில்லை. ஆனால் விடவுமில்லை.

வெயில் ஏறியது. வேர்க்கொடிகள் காயத் தொடங்கினால் சாகும், அது அவனுக்குத் தெரியும். சாக்கை எரித்த மண்ணின் விளிம்பில் இறக்கி வைத்தான். ஓடைக்குப் போய் இரண்டு கைகளையும் குவித்து நீர் அள்ளிவந்து சாக்கின்மேல் ஊற்றினான். மறுபடி போனான். பாதி நீர் வழியிலேயே விரலிடுக்கில் ஒழுகியது. மறுபடி அள்ளினான். கடலேற்றம் வடிந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு தடவையும் ஓடை இன்னும் கொஞ்சம் தூரம் போயிருந்தது.